எண் சொல்வது பாதி: கணினியும் சதுரங்கத்தின் இறுதிக்கட்டமும்

“தம்பி, ஒருத்தரும் தோக்கலைன்னுதானே அந்தக் கோடு காட்டுச்சு? திடீர்னு ஏன் முழுக்கக் கறுப்பாயிருச்சு?”

என் அப்பா கேட்ட இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். கேட்ட நாள் 2024 டிசம்பர் 12. இடம், உட்லண்ட்ஸில் சித்தப்பாவின் வீவக வீடு.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். நான் ஜொகூர் பாருவைச் சேர்ந்தவன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது இங்கே கணினித்துறை மாணவன். உட்லண்ட்ஸில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அப்பா இன்றும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார். மாலையில் சோதனைச் சாவடியில் நெரிசல் குறையும் வரை சித்தப்பா வீட்டில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவார். அந்த இடைவேளையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையில் நாங்கள் இருவரும் சதுரங்கம் ஆடுவோம். எனக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பிஷப்பை எங்கள் வீட்டில் ‘மந்திரி’ என்போம். இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

அன்றைய மாலை செந்தோசாவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14-ஆவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம் சீனாவின் டிங் லிரன். மறுபுறம் சென்னையில் பிறந்து வளர்ந்த 18 வயது குகேஷ். 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் ஆளுக்கு 6.5 புள்ளிகள். இந்த ஆட்டமும் சமநிலையில் முடிந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்களில்தான் முடிவு. அப்பா வழக்கமான நேரத்தில் கிளம்பவில்லை. தொலைக்காட்சியில் யூடியூப் நேரலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். கணினியின் மதிப்பீட்டைக் காட்டும் பட்டை அது. வெள்ளைக்குச் சாதகம் என்றால் வெள்ளை மேலேறும், கருப்புக்குச் சாதகம் என்றால் கருப்பு ஏறும். நெடுநேரம் அது நடுப்பகுதியை ஒட்டியே நின்றது. டிங் தம் 55-ஆவது நகர்வாக யானையை நகர்த்தினார். அடுத்த கணமே பட்டை கருப்பாகிவிட்டது. அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். “அது வந்துப்பா, எஞ்சின் டெப்த்... டேபிள்பேஸ்...” மூன்றாவது சொல்லிலேயே தடுமாறினேன். விரிவுரையில் கேட்டதும் தேர்வில் எழுதியதும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் தலைக்குள் இருந்தன. சித்தப்பா ஏதோ மொழிபெயர்க்க முயன்றார். அப்பா சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி விடு” என்றார்.

அந்தச் “சரி விடு” என்னை விடவில்லை. என் படிப்புக்காகக் கடற்பாலத்தைத் தினமும் கடப்பவர் அவர். அவர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு என் படிப்பில் பதில் இருக்கிறது. ஆனால் அவர் மொழியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினி எப்படி எடை போடுகிறது?

சதுரங்க நிரல் ஒன்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, முன்னோக்கிப் பார்ப்பது. மற்றொன்று, பார்த்த இடத்தில் நின்று எடை போடுவது.

முன்னோக்கிப் பார்ப்பது நாம் செய்வதுதான். ‘நான் இதை நகர்த்தினால் அவர் அதை நகர்த்துவார், அப்போது நான்...’ என்று தொடர்வது. ஆனால் சராசரி நிலையில் ஒருவருக்கு 30-க்கும் மேற்பட்ட நகர்வுகள் இருக்கும். 30 என்றே வைத்துக்கொண்டாலும் இருவரும் ஒரு முறை நகர்த்தியபின் 900 நிலைகள், இரண்டு முறை நகர்த்தியபின் 8,10,000 நிலைகள். எல்லாவற்றையும் பார்ப்பது வீண். என் நகர்வுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல பதிலடி இருப்பது தெரிந்துவிட்டால், அவருடைய மற்றப் பதில்களை ஆராயத் தேவையில்லை. அந்த நகர்வை அப்போதே தள்ளிவிடலாம். இப்படிக் கிளைகளை வெட்டிக்கொண்டே போவதால்தான் கணினி ஆழமாகச் செல்கிறது.

எவ்வளவு ஆழமாகச் சென்றாலும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அங்கே தேவைப்படுவது எடை. 1950-இல் கிளாட் ஷனான் என்ற அமெரிக்க அறிஞர் கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காய்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் முறை அதிலேயே இருக்கிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. இந்தக் கூட்டலோடு ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு போன்றவற்றுக்கும் சிறு சிறு மதிப்பெண்கள் சேர்க்கப்படும். வெள்ளையின் மொத்தத்திலிருந்து கருப்பின் மொத்தத்தைக் கழித்தால் வரும் எண்தான் மதிப்பீடு.

காய்கள் நிறைந்திருக்கும் நடு ஆட்டத்தில் இம்முறை நன்றாகவே உதவும். காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்தில்தான் இது காலை வாரிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவிடம் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன்!

என் நிரல் தோற்ற கதை

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நானே ஒரு சிறிய சதுரங்க நிரலை எழுதினேன். மடிக்கணினியைக் கல்மேசைக்குக் கொண்டுபோய் அப்பாவை ஆடச் சொன்னேன். ஆட்டம் நீண்டது. கடைசியில் அப்பாவிடம் ராஜா மட்டும். என் நிரலிடம் ராஜா, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரி, எச் வரிசையில் ஒரு சிப்பாய். திரையில் நிரலின் மதிப்பீடு 4-க்கு மேல். “அப்பா, ஒத்துக்குங்க” என்றேன்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ராஜாவை மூலைக்கு, எச்8 கட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறகு எச்8, ஜி8, மீண்டும் எச்8 என்று அமைதியாக நகர்த்திக்கொண்டே இருந்தார். என் நிரலோ வெற்றி தன் பக்கம் என்ற நினைப்பில் மந்திரியை இங்கும் அங்கும் அலைக்கழித்தது. சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 ஒரு கருப்புக் கட்டம். வெள்ளைக் கட்டத்தில் ஓடும் மந்திரியால் அந்தக் கட்டத்தை ஒருநாளும் தாக்க முடியாது. ஆகவே ராஜாவை அங்கிருந்து விரட்ட வழியே இல்லை. நெருக்கிப் பிடித்தால் அவருக்கு நகர இடமில்லாமல் போய் ஆட்டம் சமநிலையாகும்.

“உன் மந்திரி நிறம் மாறிப் பொறந்துருச்சு” என்று சிரித்தார் அப்பா.

இதே இடத்தில் கருப்புக் கட்ட மந்திரி இருந்திருந்தால் என் நிரல் எளிதில் வென்றிருக்கும். ஆனால் கூட்டல் கணக்கில் இரண்டு மந்திரிகளுக்கும் அதே 3 மதிப்பெண்தான். வெற்றிக்கும் சமநிலைக்கும் உள்ள வேறுபாடு அந்த எண்ணில் எங்குமே இல்லை. இவ்வாறு காய்கள் குறைந்தவர் அசைக்க முடியாதபடி தங்கிக்கொள்ளும் அமைப்பைச் சதுரங்கத்தில் ‘கோட்டை’ என்பார்கள். வலுவான நிரல்களும் சிக்கலான கோட்டைகளில் ஏமாந்திருக்கின்றன. அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. கணினி 3 என்று காட்டுகிறது, இருபது முப்பது நகர்வுகள் கழித்தும் அதே 3 என்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான சாதகம் என்றால் அது வளர வேண்டும்.

பழைய நிரலாளர்கள் இதற்குக் கையால் மருந்திட்டார்கள். ‘ஓர வரிசைச் சிப்பாய், தவறான நிற மந்திரி, எதிரி ராஜா மூலையில் என்றால் மதிப்பீட்டைச் சுழியமாக்கு’ என்று தனி விதி எழுதினார்கள். இருவரிடமும் வெவ்வேறு நிறக் கட்ட மந்திரிகள் இருந்தால் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள் என்பது இன்னொரு விதி. நானும் அன்றிரவே என் நிரலில் அந்த முதல் விதியைச் சேர்த்தேன். ஆனால் எத்தனை விதிகளைத்தான் எழுதுவது?

தொடுவானமும் கட்டாய நகர்வும்

இறுதிக்கட்டம் கணினிக்குக் கடினமாக இருக்க இன்னும் இரு காரணங்கள் உண்டு.

முதலாவது தொடுவானச் சிக்கல். கணினி ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் பார்க்கிறது. ஆபத்து அதற்கு அப்பால் இருந்தால் அதற்கு அப்படி ஓர் ஆபத்தே இல்லை. இறுதிக்கட்டத்தில் ராஜா மெல்ல நடந்து சிப்பாயை அடையப் பத்துப் பதினைந்து நகர்வுகள் ஆகலாம். ‘அங்கே போனால் அந்தச் சிப்பாய் விழும், பிறகு இது ராணியாகும்’ என்று மனிதன் ஒரே பார்வையில் காண்பதை, என் நிரலைப் போன்ற சிறிய நிரல் ஒவ்வோர் அடியாக எண்ணித்தான் அடைய வேண்டும்.

இரண்டாவது கட்டாய நகர்வு. சதுரங்கத்தில் ‘நான் இந்த முறை ஆடவில்லை’ என்று சொல்ல முடியாது. நகர்த்தியே ஆக வேண்டும். சில நிலைகளில் அதுவே கேடு. ஜெர்மன் மொழியில் இதைச் ‘சுக்ஸ்வாங்’ என்பார்கள். கல்மேசையில் இதை வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ5-இல், வெள்ளைச் சிப்பாய் இ4-இல், கருப்பு ராஜா இ7-இல். நகர்த்த வேண்டியவர் கருப்பு என்றால் வெள்ளை வெல்லும். நகர்த்த வேண்டியவர் வெள்ளை என்றால் சமநிலை. பலகையில் ஒரு காய்கூட மாறவில்லை. யாருடைய முறை என்பது மட்டுமே மாறியது!

இங்கே நிரல்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வேகத்துக்காக நிரல்கள் ஒரு தந்திரம் செய்யும். ‘இந்த முறை நான் நகர்த்தாமல் விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கிளையை மேலும் ஆராய வேண்டாம்’ என்று முடிவு செய்யும். நடு ஆட்டத்தில் இது பெரும்பாலும் சரி. கட்டாய நகர்வு நிலைகளில் இது தலைகீழ். அங்கே நகர்த்தாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே நல்ல நகர்வு. ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலைகளில் இத்தந்திரத்தை நிறுத்திவைக்குமாறு நிரலில் எழுதுவது வழக்கம்.

முடிவிலிருந்து பின்னோக்கி

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, எலி பாலாடைக்கட்டியை அடையும் பாதையைக் கண்டுபிடிக்கும் புதிர்கள் பயிற்சிப் புத்தகத்தில் வரும். நான் எப்போதும் பாலாடைக்கட்டியிலிருந்து பின்னோக்கிக் கோடு போடுவேன். இறுதிக்கட்டத்துக்கு அறிவியலாளர்கள் கண்ட வழியும் அதுவே.

மூன்று காய்களோ நான்கு காய்களோ மட்டும் உள்ள எல்லா நிலைகளையும் பட்டியலிடுங்கள். அவற்றில் ராஜா ஏற்கனவே மேட் ஆகிவிட்ட நிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஒரு நகர்வு முந்திய நிலைகள் ‘ஒரே நகர்வில் வெற்றி’. எப்படி நகர்த்தினாலும் எதிரியின் வெற்றி நிலைகளுக்கே கொண்டுபோய்விடும் என்றால் அது ‘தோல்வி’. இப்படியே பின்னோக்கிச் சென்றுகொண்டே இருந்தால், கடைசியில் குறிக்கப்படாமல் எஞ்சுபவை எல்லாம் சமநிலை. இதில் மதிப்பெண்ணும் இல்லை, ஊகமும் இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் உறுதியான விடை. இதற்கு ‘இறுதிக்கட்ட அட்டவணை’ என்று பெயர்.

யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1980-களில் இவ்வகை அட்டவணைகளைக் கட்டினார். அவை தேர்ந்த ஆட்டக்காரர்களையே திகைக்க வைத்தன. இரண்டு மந்திரிகளுக்கு எதிராக ஒற்றைக் குதிரை சில அமைப்புகளில் தாக்குப்பிடித்துச் சமநிலை பெறும் என்று நூறாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது. பொதுவாக மந்திரிகளே வெல்லும், ஆனால் சில நிலைகளில் 66 நகர்வுகள் வரை ஆகும் என்று அட்டவணை காட்டியது.

பிறகு யூஜீன் நளிமோவின் அட்டவணைகள் ஆறு காய்கள் வரை வந்தன. 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசோவ் கணினியில் ஏழு காய்களுக்கான அட்டவணை கணிக்கப்பட்டது. அதன் அளவு 140 டெராபைட். ரொனால்ட் டி மான் 2013-இல் வெளியிட்ட ‘சிசிஜி’ என்னும் சுருக்க முறையில் ஆறு காய்களுக்கு ஏறத்தாழ 150 கிகாபைட் போதும். 2018-இல் அம்முறையிலேயே ஏழு காய்களும் முடிந்தன. அளவு ஏறத்தாழ 18 டெராபைட். எட்டுக் காய்களுக்கு முழுமையான அட்டவணை இன்னும் இல்லை. ஒரே ஒரு காய் கூடினாலும் அளவு எவ்வளவு பெருகுகிறது பாருங்கள்!

ஏழு காய் நிலைகளில் ஒன்றில் மேட் செய்ய 549 நகர்வுகள் தேவைப்படுகின்றன. ஆனால் எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இருவரும் 50 நகர்வுகள் ஆடிவிட்டால் சமநிலை கோரலாம் என்பது விதி. ஆகவே கணக்கின்படி வெற்றியான சில நிலைகள் விதியின்படி சமநிலை. சிசிஜி அட்டவணை இந்த விதியையும் கணக்கில் கொள்கிறது.

எண்ணுக்குப் புதிய பொருள்

ஏழு காய்களுக்கு மேல் இருந்தால் இன்னும் மதிப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். அதிலும் ஒரு பெரிய மாற்றம் வந்துவிட்டது. 2018-இல் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் ஒரு சிறிய, வேகமான நரம்பியல் வலைப்பின்னலை உருவாக்கினார். 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற திறந்தநிலை நிரல் அதை ஏற்றுக்கொண்டது. மந்திரிக்கு 3, யானைக்கு 5 என்று மனிதர் எழுதிக்கொடுப்பதற்குப் பதிலாக, கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்து வலைப்பின்னலே எடைபோடக் கற்றுக்கொள்கிறது.

இதனால் எண்ணின் பொருளும் மாறியது. முன்பு ‘1’ என்றால் ஒரு சிப்பாய் அளவு சாதகம். 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், ‘1’ என்றால் அந்த நிரல் தனக்கு நிகரான நிரலோடு ஆடும்போது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு என்று பொருள். கவனியுங்கள்: நிரலும் நிரலும் ஆடும்போது. மனிதனும் மனிதனும் ஆடும்போது அல்ல! அப்பாவின் கேள்விக்கான விடையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

கல்மேசையில் 55-ஆவது நகர்வு

அந்த ஆட்டம் முடிந்த அடுத்த வாரம். அப்பா தேநீர் குடித்து முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனேன். இம்முறை மடிக்கணினி இல்லை. காய்களை மட்டும் அடுக்கினேன்.

வெள்ளை, அதாவது டிங்: ராஜா ஜி1, யானை எஃப்4, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கருப்பு, அதாவது குகேஷ்: ராஜா இ5, யானை பி2, மந்திரி இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. மொத்தம் ஒன்பது காய்கள். நீங்களும் ஒரு பலகையை எடுத்து அடுக்கிப் பாருங்கள்.

“இங்க கணினி சமநிலைன்னு சொல்லுச்சுப்பா. ஒன்பது காய் இருக்கறதால அட்டவணையில பதில் கிடையாது. ரொம்ப ஆழமாப் பார்த்து, எப்படிப் போனாலும் வெள்ளை சமாளிச்சுடும்னு அது போட்ட எடைதான் அது.”

“ஒரு சிப்பாய் கம்மியா இருக்கே?”

“ஆமாப்பா. ஆனா யானையும் மந்திரியும் இருக்கற வரைக்கும் தாங்கும். சரியா ஆடிக்கிட்டே இருந்தா.”

பிறகு டிங்கின் யானையை எஃப்2-க்கு நகர்த்திக் காட்டினேன். யானைகளை மாற்றிக்கொள்ளும் அழைப்பு அது. குகேஷின் யானை எஃப்2-இல் வெட்டியது. டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. இப்போது பலகையில் ஏழு காய்கள். “இந்த எடத்துலேர்ந்து ஊகமே இல்லப்பா. எல்லாம் அட்டவணைக்குள்ள வந்துருச்சு. விடை ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கு: கருப்புக்கு வெற்றி. அதனாலதான் கோடு ஒரே அடியா மாறுச்சு.”

அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த நகர்வைக் காட்டக் கையை நீட்டினேன். “இரு” என்று தடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, கருப்பு மந்திரியைத் தாமே எடுத்து டி5-இல் வைத்தார்.

குகேஷ் ஆடிய அதே நகர்வு!

ஏ8 மூலையில் நிற்கும் வெள்ளை மந்திரிக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. அதை இப்போது கருப்பு மந்திரி அடைத்துவிட்டது. பி7-க்குப் போனாலும் வெட்டு, சி6-க்குப் போனாலும் வெட்டு, நின்றாலும் வெட்டு. ஆகவே மந்திரிகளை மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. அதுவே பி7-இல் இருந்திருந்தால் ஏ6 பக்கமோ சி8 பக்கமோ நழுவியிருக்கலாம். உண்மையில் சற்று முன்புவரை அது பி7-இல்தான் இருந்தது. குகேஷின் யானை பி2-க்கு வந்து தாக்கியதால் 53-ஆவது நகர்வில் மூலைக்குப் போனது.

மந்திரிகள் மாறியபின் மிஞ்சுவது ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும். வெள்ளை ராஜா இ3-க்கு வர, கருப்பு ராஜா இ5-இல் நேருக்கு நேர் நிற்கிறது. அந்த 58-ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஏற்றுக்கொண்டார். நகர்த்த வேண்டியவர் வெள்ளை. மேலே சொன்ன கட்டாய நகர்வுதான்! வெள்ளை ராஜா வழிவிட்டே ஆக வேண்டும். பின்வாங்கினால் கருப்பு ராஜா உள்ளே நுழைந்து ஜி3 சிப்பாயை அடைகிறது. டி3-க்கு விலகினால் கருப்புச் சிப்பாய் எஃப்4-க்குப் பாய்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்ட, கருப்பு ராஜா அங்கே வெட்டி, ஜி3 வழியாக இறங்கி, ஜி சிப்பாயை ராணியாக்கிவிடும்.

7.5-க்கு 6.5 என்ற கணக்கில் குகேஷ் உலக வெற்றியாளரானார்.

“காய் கம்மியா உள்ளவன் சிப்பாயைத்தான் மாத்தணும், காயை மாத்தக்கூடாது. நான் உனக்குச் சின்ன வயசுலயே சொன்னதுதானே?” என்றார் அப்பா. ஆமாம், சொல்லியிருந்தார். நான்தான் அதை எண்களுக்குள் தொலைத்துவிட்டேன்.

பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார். “சமநிலைன்னு கணினி சொல்லுச்சு. அப்புறம் அவரு ஏன் தோத்தாரு? அவருக்குத் தெரியாத ஆட்டமா?”

விடையின் மறுபாதி இதுதான். கணினி காட்டும் சுழியம் ‘சரியாக ஆடினால்’ என்ற நிபந்தனையோடு வருவது. எவ்வளவு எளிதாகச் சரியாக ஆடலாம் என்பதை அது சொல்வதில்லை. இருவர் ராஜாவோடு ராஜா நிற்கும் வெற்றுப் பலகைக்கும் சுழியம்தான். பல மணி நேரம் ஆடிக் களைத்து, ஒரு சிப்பாய் குறைவாக, ஒவ்வொரு நகர்விலும் தவறாமல் தாங்க வேண்டிய நிலைக்கும் அதே சுழியம்தான். குகேஷுக்கு அந்தப் பட்டை தெரியாது. சமநிலை என்று விட்டுவிடாமல், ஆபத்தில்லாத ஒரு சிப்பாய்ச் சாதகத்தோடு அவர் ஆடிக்கொண்டே இருந்தார். எண் மாறாத அந்த நேரம் முழுவதும் எதிராளியின் சுமை கூடிக்கொண்டே இருந்தது. அதைக் காட்ட அந்தப் பட்டையில் இடமில்லை.

நிறைவாக

வாசகர்களே, இறுதிக்கட்டத்தைக் கணினி எப்படி எடைபோடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஏழு காய்கள் வரை அது விடையை அறியும். அதற்கு மேல் ஆழமாகப் பார்த்து ஊகிக்கும். கோட்டைகளிலும் கட்டாய நகர்வுகளிலும் அந்த ஊகம் தவறலாம். ஊகம் சரியாக இருந்தாலும், அது பிழையே செய்யாதவர்களின் ஆட்டத்தைப் பற்றிய ஊகம். ஒரு திரை நமக்கு எண்ணைக் காட்டும்போது அது எதைக் கணக்கிட்ட எண், எதைக் கணக்கிடாத எண் என்று கேட்கும் பழக்கம் சதுரங்கத்துக்கு வெளியேயும் உதவும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப்பட்டது வேறு. இந்தக் கட்டுரையை எழுத எனக்குப் பெரிய தமிழ்ப் புலமை தேவைப்படவில்லை. தமிழ்ப்பள்ளியில் கற்ற ஆறு ஆண்டுத் தமிழும் ஒரு கல்மேசையும் போதுமாக இருந்தன. ‘தமிழில் சொல்ல முடியாது’ என்று நான் நினைத்த பல இடங்களில், உண்மையில் எனக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை. அப்பாவுக்காகச் சொற்களைத் தேடியபோதுதான் புரிந்தது. நீங்கள் படிப்பது மருத்துவமோ பொறியியலோ வணிகமோ, அதில் ஒரே ஒரு செய்தியை இந்த விடுமுறையில் வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள்.

அன்று மேசையிலிருந்து எழுந்தபோது நெரிசல் நேரம் கடந்துவிட்டிருந்தது. அப்பா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, “மந்திரி மூலையில மாட்டிக்கிச்சு. அவ்ளோதானே? இதைத்தானே அன்னிக்கே சொல்லியிருக்கலாம்?” என்றார்.

அவ்வளவுதான் அப்பா. அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.